தரை தொடாச் சக்கரம்

நுழையும்முன்

ஓடாத வண்டியை ஓடச் செய்வது அறிவின் வெற்றி; ஓடும் வண்டியை உரிய இடத்தில் நிற்கச் செய்வது அதனினும் பெரிய வெற்றி. அவ்வெற்றிக்குத் துணைநிற்பது ஏ.பி.எஸ். எனப்படும் பிரேக் அமைப்பு. வழுக்கும் சாலையில் உயிர்காக்கும் அவ்வமைப்பு, மேடுபள்ளமான சாலையில் செல்லும் பிக்கப் வண்டியில் தடுமாறுவது ஏன்? ஒரு கருவியின் வலிமையோடு அதன் எல்லையையும் அறியத் தூண்டுகிறது இப்பாடம்.

உராய்வே பிடிமானம்

வண்டியை நிறுத்துவது பிரேக் என்றே பலரும் கருதுவர். உண்மையில் பிரேக் தடுப்பது சக்கரத்தின் சுழற்சியை மட்டுமே. வண்டியை நிறுத்துவது டயருக்கும் சாலைக்கும் இடையே தோன்றும் உராய்வு ஆகும். அவ்வுராய்வு எவ்வளவோ, அவ்வளவே பிரேக்கின் பயனும் அமையும்.

பிரேக்கை அளவு கடந்து அழுத்தினால் சக்கரம் சுழலாமல் நின்றுவிடும். வண்டியோ சறுக்கிக்கொண்டு முன்செல்லும். இதனைச் சக்கரம் பூட்டிக்கொள்ளுதல் என்பர். தார்ச்சாலையில் சறுக்கும் டயரின் பிடிமானம், சற்றே வழுக்கியவாறு உருளும் டயரின் பிடிமானத்தைவிடக் குறைவு. முன்சக்கரங்கள் பூட்டிக்கொண்டால் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டால் வண்டியின் பின்புறம் பக்கவாட்டில் வீசும்.

வண்டி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது சக்கரம் 51 கிலோமீட்டர் வேகத்திற்கு உரிய அளவில் சுழல்வதாகக் கொள்வோம். இடைப்பட்ட வேறுபாடு 9 கிலோமீட்டர். அதாவது 15 விழுக்காடு. இதுவே வழுக்கல் அளவு. உலர்ந்த தார்ச்சாலையில் இவ்வளவு ஏறத்தாழ 10 முதல் 20 விழுக்காடு வரை இருக்கும்போது பிடிமானம் உச்சநிலையை அடைகிறது. அந்நிலையிலேயே சக்கரத்தை வைத்திருக்க முயல்வதுதான் ஏ.பி.எஸ். அமைப்பின் பணி.

கண்ணில்லாக் காவலன்

இவ்வமைப்பு முதலில் விமானங்களில் பரவலாகப் பயன்பட்டது. தரையிறங்கும் விமானத்தின் சக்கரங்கள் பூட்டிக்கொண்டு டயர்கள் வெடிப்பதைத் தடுக்க, டன்லப் நிறுவனத்தின் மேக்சரெட் என்னும் கருவி 1950களில் உதவியது. பின்னர், 1978இல் பாஷ் நிறுவனத்தின் மின்னணு ஏ.பி.எஸ். மெர்சிடிஸ் பென்ஸ் எஸ் வகைக் கார்களில் இடம்பெற்றது.

சக்கரத்தின் அருகே உள்ள உணரி அதன் சுழற்சி வேகத்தை இடைவிடாது அளக்கிறது. சக்கரத்தின் வேகம் திடீரெனச் சரிந்தால், அது பூட்டிக்கொள்ளப் போகிறது என்று கணினி முடிவு செய்கிறது. உடனே வால்வுகள் அச்சக்கரத்திற்குச் செல்லும் பிரேக் எண்ணெயின் அழுத்தத்தைக் குறைக்கின்றன. சக்கரம் மீண்டும் சுழன்றதும் அழுத்தத்தைக் கூட்டுகின்றன. குறைத்தல், நிலைநிறுத்தல், கூட்டுதல் ஆகிய இம்மூன்றும் ஒரு நொடியில் பலமுறை நிகழும். ஓட்டுநரின் காலடியில் பெடல் துடிப்பதற்குக் காரணம் இதுவே.

அடிப்படை ஏ.பி.எஸ். அமைப்பு சாலையைக் காண்பதில்லை. பனிக்கட்டியா, மணலா, பள்ளமா என்பதை அது நேரடியாக அறியாது. சக்கரத்தின் சுழற்சி ஒன்றே அதற்குக் கிடைக்கும் செய்தி. அச்செய்தி தவறான பொருள் தருமாயின், முடிவும் தவறாகவே அமையும்.

சுமைக்காகப் பிறந்த வண்டி

பிக்கப் வண்டியின் முன்புறம் எஞ்சின் அமைந்திருக்கும். பின்புறம் திறந்த சுமைத்தட்டு இருக்கும். சுமையைத் தாங்குவதற்காகப் பெரும்பாலான பிக்கப் வண்டிகளின் பின்புறத்தில், எஃகுப் பட்டைகளை அடுக்கி அமைத்த விறைப்பான ஸ்பிரிங்குகள் பொருத்தப்படுகின்றன. சுமை ஏற்றியபோது அவை இணக்கமாக வளைகின்றன. வெறுமையாகச் செல்லும்போதோ சிறிதே வளைகின்றன. ஆகவே மேட்டில் ஏறிய சக்கரம் துள்ளுகிறது. இரு பின்சக்கரங்களையும் ஒரே இறுகிய அச்சு இணைப்பதால், ஒரு சக்கரத்தின் துள்ளல் மற்றதையும் பாதிக்கிறது. பிரேக் பிடிக்கையில் வண்டியின் எடை முன்புறம் சாய்வதால், பின்சக்கரங்கள் தரையை அழுத்தும் விசை மேலும் குறைகிறது.

பிக்கப் வண்டிகள் மிகுதியாக ஓடும் அமெரிக்காவில், 1987ஆம் ஆண்டின் ஃபோர்டு எஃப் வரிசை வண்டிகளில் பின்சக்கரங்களுக்கு மட்டும் ஏ.பி.எஸ். வழங்கப்பட்டது. வெறுமையான வண்டி பின்புறம் சுழன்றுவிடாமல் அது காத்தது. ஆயினும் முன்சக்கரங்கள் பூட்டிக்கொள்வதை அதனால் தடுக்க இயலவில்லை. நான்கு சக்கரங்களுக்கும் ஏ.பி.எஸ். வந்தபின்னரே திருப்பும் ஆற்றலும் காக்கப்பட்டது.

மேட்டில் நிகழும் மயக்கம்

பிரேக் பிடித்த நிலையில் சக்கரம் ஒரு மேட்டில் மோதித் துள்ளுவதாகக் கொள்வோம். தரையை விட்டு எழுந்த சக்கரத்தைச் சுழற்றச் சாலை இல்லை. நிறுத்தப் பிரேக் மட்டும் உண்டு. எனவே கண்ணிமைக்கும் நேரத்தில் அதன் சுழற்சி சரிகிறது. பனிக்கட்டியில் சறுக்கும் சக்கரத்திற்கும் இதற்கும் வேறுபாடு காண இயலாத கணினி, அழுத்தத்தைக் குறைத்துவிடுகிறது. அடுத்த கணமே சக்கரம் தரையைத் தொடுகிறது. இப்போது பிடிமானம் உண்டு. ஆனால் பிரேக்கில் அழுத்தம் இல்லை. அழுத்தம் மீள்வதற்குள் அடுத்த மேடு வந்துவிடுகிறது.

பல வண்டிகளில், பின்சக்கரங்கள் இரண்டனுள் பிடிமானம் குறைந்ததற்கு ஏற்பவே இரண்டின் அழுத்தமும் அமைக்கப்படுகிறது. இதனால் துள்ளாத சக்கரமும் தன் முழு வலிமையை இழக்கிறது.

அவ்வேளையில் வண்டி முன்னோக்கிப் பாய்வதாக ஓட்டுநர் உணர்வார். உண்மையில் வண்டியின் வேகம் கூடவில்லை. வேகம் குறைவதுதான் தடைப்படுகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, அரை நொடியில் 8 மீட்டருக்கும் மேல் கடந்துவிடும். சாலையைக் கடக்கும் ஒருவருக்கு அந்த 8 மீட்டர் உயிரின் அளவு.

சரளைச் சாலையின் பாடம்

சரளை பரவிய சாலையில் வேறொரு விந்தை நிகழ்கிறது. பூட்டிக்கொண்ட சக்கரம் சரளையை உழுது, தனக்கு முன்னால் சிறு குவியலாகச் சேர்க்கிறது. அக்குவியல் வண்டியைத் தடுக்கிறது. சக்கரம் சுழன்றுகொண்டே இருந்தால் அக்குவியல் உருவாவதில்லை. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 1999இல் வெளியிட்ட ஆய்வில், தளர்ந்த சரளையின்மீது ஏ.பி.எஸ். இயங்கியபோது நிற்கும் தொலைவு சராசரியாக ஏறத்தாழ 27 விழுக்காடு மிகுந்தது. இதனால் ஏ.பி.எஸ். பயனற்றது எனக் கொள்ளலாகாது. பிரேக் பிடித்தபடியே வண்டியைத் திருப்பி இடர் தவிர்க்க உதவுவதே அதன் தலையாய நோக்கம். எல்லாத் தரையிலும் விரைவில் நிறுத்துவதாக அது உறுதி தருவதில்லை.

அறிந்து ஓட்டுதல்

மேட்டைக் கண்ட பின் அதன்மீது பிரேக் பிடிப்பதைவிட, அதனை அடையும் முன்பே வேகத்தைக் குறைத்தல் நன்று. இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், 60 கிலோமீட்டர் வேகத்தில் உள்ள ஆற்றல் 40 கிலோமீட்டரில் உள்ளதைப் போல் 2.25 மடங்காகும். முன்செல்லும் வண்டிக்குப் பின்னால் மிகுதியான இடைவெளி விடுதல் வேண்டும். தேய்ந்த ஷாக் அப்சார்பர் சக்கரத்தின் துள்ளலை அடக்காது. அளவு மீறிய காற்று டயரின் துள்ளலைப் பெருக்கும். இரண்டையும் உரிய காலத்தில் சீர்செய்தல் வேண்டும். நெருக்கடியில் பெடல் துடித்தாலும் அஞ்சிக் காலை எடுக்காமல், விட்டுவிட்டு மிதிக்காமல், உறுதியாக அழுத்திக்கொண்டே வண்டியைத் திருப்புதல் வேண்டும்.

இந்தியாவில் 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய இருசக்கர வண்டிகளுக்கு 2019 ஏப்ரல் முதல் ஏ.பி.எஸ். கட்டாயமாக்கப்பட்டுள்ளது. ஆகவே இவ்வறிவு பிக்கப் ஓட்டுநர்க்கு மட்டும் உரியதன்று. சக்கரம் தரையைத் தொடும்போதுதான் கருவி பேச முடியும். அது தரையை விட்டெழும் இடத்தை முன்னரே கண்டு விரைவைத் தணிப்பது மனிதரின் கண்ணும் கருத்துமே ஆகும்.

கற்பவை கற்றபின்

1. ‘கருவியின் எல்லையை அறிதலே பாதுகாப்பு’ என்னும் தலைப்பில் ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.

2. உங்கள் ஊரில் மேடுபள்ளமான சாலைப் பகுதிகளைக் கண்டறிந்து, அங்கு வைக்கத்தக்க எச்சரிக்கைப் பலகைக்குரிய தொடர்களை உருவாக்குக.