எதுக்கு வந்தேன்னு இங்கிலீஷ்ல சொல்லு பார்ப்போம்

தங்கச்சி, லீவ் லெட்டர்லயும் இன்டர்வியூவிலயும் நம்ம பிள்ளைங்க அதிகமா தடுக்கி விழற இடம் ஒண்ணு இருக்கு. ஒரு வேலையை எதுக்காகச் செஞ்சோம்னு சொல்ற இடம். மனசுக்குள்ள "பார்க்கறதுக்காக வந்தேன்"னு ஓடும். அந்த 'க்காக' அப்படியே 'ஃபார்' ஆகி, 'ஐ கேம் ஃபார் சீயிங் யூ', இல்லேன்னா 'ஐ கேம் ஃபார் டு சீ யூ'ன்னு வெளியே வரும். ரெண்டும் தப்பு. 'ஐ கேம் டு சீ யூ', அவ்வளவுதான்.

'ஃபார் டு' சொல்றவங்களைக் கிண்டல் மட்டும் பண்ணாதே. 14-ம் நூற்றாண்டுல ஆங்கிலக் கவிஞர் சாஸர் அப்படித்தான் எழுதினார். 1611-ல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிள்லயும் அது உண்டு. ஆனா எச்.ஆர். மேடம் சாஸர் படிச்சிருப்பாங்கன்னு நம்பி இன்டர்வியூவுக்குப் போக முடியாது.

'ஃபார்' பின்னாடி பெயர்ச்சொல் வரலாம்: 'ஐ வென்ட் டு த பேங்க் ஃபார் எ லோன்'. வினை வந்தா 'டு': 'ஐ வென்ட் டு த பேங்க் டு கெட் எ லோன்'. அப்போ 'திஸ் நைஃப் இஸ் ஃபார் கட்டிங் ஃபிஷ்' எப்படிச் சரின்னு கேட்பே. அது கத்தியோட பொதுவான உபயோகம். அந்தக் கத்தியை நீ எடுத்த காரணம்னா 'ஐ டுக் த நைஃப் டு கட் த ஃபிஷ்'. 'தேங்க்யூ ஃபார் கமிங்' மாதிரி, நடந்து முடிஞ்ச ஒண்ணுக்கு நன்றி, மன்னிப்பு, அபராதம்னு வந்தாலும் 'ஃபார்' போட்டு 'இங்' சரிதான். அங்கே நோக்கமே கிடையாது.

'இன் ஆர்டர் டு' கொஞ்சம் கனமான ஆள். 1787-ல் எழுதின அமெரிக்க அரசியலமைப்போட முகவுரையில கம்பீரமா நிக்கும். வாட்ஸ்அப்ல போட்டா சிரிப்பு வரும். ஆனா ஒரு இடத்துல அதுவோ 'ஸோ ஆஸ் டு'வோ தேவை. "குழந்தை முழிச்சிடக்கூடாதுன்னு மெதுவா நடந்தேன்" மாதிரி எதிர்மறை நோக்கத்துக்கு வெறும் 'நாட் டு' நிக்காது. 'ஐ வாக்ட் சாஃப்ட்லி ஸோ ஆஸ் நாட் டு வேக் த பேபி'ன்னு சொல்லணும். 'இன் ஆர்டர் நாட் டு'ன்னாலும் சரி.

செய்யறது ஒருத்தர், பலன் இன்னொருத்தருக்குன்னா 'ஸோ தட்'. 'ஐ பெய்ட் த ஃபீஸ் ஸோ தட் மை பிரதர் குட் ரைட் த எக்ஸாம்'. அதுக்கப்புறம் ஆளும் வரணும், 'கேன்', 'குட்', 'வில்', 'வுட்'னு ஏதாவது ஒண்ணும் வரணும்.

பரீட்சைக்காரங்களுக்கு ரொம்பப் பிடிச்சது 'ஸ்டாப்'. 'ஹீ ஸ்டாப்ட் ஸ்மோக்கிங்'னா சிகரெட்டை விட்டுட்டார். 'ஹீ ஸ்டாப்ட் டு ஸ்மோக்'னா நடந்துட்டிருந்தவர் நின்னு ஒண்ணு பத்த வைச்சார். டாக்டர்கிட்ட அப்பாவைப் பத்திச் சொல்லும்போது இதை மாத்திச் சொல்லிடாதே.

'வித் எ வியூ டு' ஆபீஸ் கடிதத்துல வரும். அங்கே 'டு'க்குப் பின்னாடி 'இங்' வேணும்: 'வித் எ வியூ டு பையிங் எ ஹவுஸ்'. மெயில் கடைசியில எல்லாரும் போடற 'லுக் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ'வுக்கும் இதே கதைதான். 'டு ஹியர்'னு எழுதிடறாங்க.

எண்ணத்தைச் சொல்லும்போது 'வில்', 'கோயிங் டு' ரெண்டையும் குழப்பிக்காதே. போன் அடிக்குது, நீ எழுந்திருக்கறே, 'ஐ வில் கெட் இட்'. அந்த நொடியில எடுத்த முடிவு அது. முன்னாடியே முடிவு பண்ணினதுக்கு 'கோயிங் டு'. "அடுத்து என்ன பிளான்?"னு இன்டர்வியூவில கேட்டா, 'ஐ வில் டூ எம்.பி.ஏ.'ங்கறது அப்பத்தான் தோணின மாதிரி கேக்கும். 'ஐ ஆம் பிளானிங் டு டூ அன் எம்.பி.ஏ.'ன்னு சொல்லு, யோசிச்ச பொண்ணுன்னு தெரியும். 'ஐ இன்டென்ட் டு' விசா ஃபாரத்துக்கும் விண்ணப்பத்துக்கும் இருக்கட்டும்; பேச்சுல வேண்டாம்.

அடுத்த மெயிலை அனுப்பறதுக்கு முன்னாடி 'ஃபார்' எங்கெல்லாம் இருக்குன்னு ஒரு தடவை தேடிப் பாரு. பின்னாடி வினை நின்னு, அது உன் நோக்கத்தைச் சொன்னா, யோசிக்காம அடிச்சிட்டு 'டு' போடு.