மஞ்சளின் குணம் குடலைச் சேரும் வழி

கோலசிலாங்கூர், தஞ்சோங் காராங், பெஸ்தாரி ஜெயா வட்டாரங்களில் மளிகை வியாபாரம் செய்யும் நம் சகோதரர்களிடம், "குடல் புண்ணுக்கு மஞ்சள் கேட்குமா?" என்று தோட்டத்து மக்கள் விசாரித்தால் என்ன பதில் சொல்வது? விற்கும் சரக்கின் குணத்தை அறிந்திருப்பது வியாபாரிக்கு அழகு. ஆகவே இதைச் சற்று ஆராய்வோம்.

மஞ்சளின் நிறத்துக்கும் குணத்துக்கும் முக்கிய காரணம் குர்க்குமின் என்னும் பொருள். மஞ்சள் தூளில் அது நூற்றுக்குச் சுமார் 3 பங்குதான். அது தண்ணீரில் கரைவதில்லை. உடலில் சேரும் சிறிதளவையும் ஈரல் விரைவில் மாற்றி வெளியேற்றிவிடுகிறது.

பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியார் 1998-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், 2 கிராம் குர்க்குமினோடு மிளகின் காரச்சத்தான பைப்பரினை 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது, இரத்தத்தில் சேர்ந்த அளவு சுமார் 20 மடங்கு உயர்ந்தது. ரசத்தில் மஞ்சளும் மிளகும் கூடுவது நல்ல கூட்டுத்தான்!

ஆனால் இரத்தத்தில் சேர்வது வேறு. நோயுள்ள இடத்தில் போதிய அளவு படுவது வேறு. பெருங்குடல் அழற்சியில் புண் இருப்பது குடலின் உட்சுவரில். 2006-இல் ஜப்பானியர் வெளியிட்ட சோதனையில், நோய் தணிந்திருந்தவர்களுக்கு வழக்கமான மருந்தோடு தினமும் 2 கிராம் குர்க்குமின் 6 மாதம் கொடுத்தார்கள். அதைப் பெற்ற 43 பேரில் 2 பேருக்கும், பெறாத 39 பேரில் 8 பேருக்கும் நோய் திரும்பியது. டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தாரின் 2017-ஆம் ஆண்டுச் சோதனையிலோ, தினம் 450 மில்லிகிராம் கொடுத்ததில் பலன் காணப்படவில்லை. அதே கழகத்தார் அதற்கு முன், 2014-இல், ஆசனவாய் வழியாகச் செலுத்திய சோதனையை வெளியிட்டனர். நல்ல அறிகுறி தென்பட்டும் முடிவு உறுதிப்படவில்லை.

நம் தராசில் நிறுத்துப் பார்ப்போம். ஒரு தேக்கரண்டி மஞ்சள் தூள் 3 கிராம் என்றால், குர்க்குமின் 90 மில்லிகிராம். ஜப்பானியர் கொடுத்த அளவுக்கு இருபது கரண்டிக்கு மேல் வேண்டும்! ஆகவே குழம்பு மஞ்சள் உணவேயன்றி, இந்நோய்க்கு மருந்தன்று. மாத்திரையாக மிகுதியாக உண்பதிலும் ஆபத்துண்டு: மஞ்சள் மாத்திரைகளால், குறிப்பாக மிளகுச்சத்துக் கலந்தவற்றால், ஈரல் கெட்டவர்களைப் பற்றி அமெரிக்க மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

சகோதரர்களே! பளபளப்புக்காக மஞ்சளில் ஈயச் சாயம் கலக்கும் கொடுமை வங்காள தேசத்தில் நடந்ததை 2019-இல் வெளிவந்த ஆராய்ச்சி காட்டிற்று. நிறத்தைக் கண்டு மயங்காமல், நம்பகமான இடத்தில் கிழங்காக வாங்கி அரைத்து விற்போம். மலத்தில் இரத்தம் போகிறது என்பவருக்கு மஞ்சள் பொட்டலம் கட்டிக் கொடுக்காமல், "முதலில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்" என்று சொல்வோம். அதனால் ஒரு விற்பனை குறையலாம், நாணயம் குறையாது.