சொல் கேட்க வேண்டும்: பங்க் கிட்டார் பழகும் பிள்ளைகளுக்குப் பத்து அறிவுரைகள்

வேங்கிக்காலிலும் திருவண்ணாமலையிலும் எலக்ட்ரிக் கிட்டாரும் சின்ன ஆம்பும் வாங்கி வைத்திருக்கும் தம்பி தங்கைகள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "பங்க் சவுண்டு வர எந்தக் குமிழை எவ்வளவு திருப்பணும்?" எண்களைச் சொல்கிறேன். அதற்கு முன் ஒன்றை மனதில் வையுங்கள். 1970-களின் நடுவில் நியூயார்க்கிலும் லண்டனிலும் இந்த இசையைத் தொடங்கியவர்களில் பலரிடம் பணமும் இல்லை, முறையான பயிற்சியும் இல்லை. சொல்ல வேண்டியது மட்டும் நிறைய இருந்தது. அந்தச் சொல் கடைசி வரிசை வரை போய்ச் சேர வேண்டும். கீழே உள்ள எல்லாமே அதற்காகத்தான்.

1. முதலில் உயிர், பிறகு சவுண்டு.
நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த ஆம்ப் 120 வோல்டுக்கு உரியதாக இருந்தால், டிரான்ஸ்பார்மர் இல்லாமல் செருகக் கூடாது. மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை ஒருபோதும் பிடுங்காதீர்கள். இரைச்சல் குறைகிறது என்று யாராவது சொன்னாலும் கேட்காதீர்கள். ஆம்ப் ஒரு லைனிலும் மைக் செட் இன்னொரு லைனிலும் இருந்து, ஒன்றில் எர்த் சரியில்லை என்றால், கம்பியில் கை வைத்தபடி மைக்கில் உதடு படும்போது ஷாக் அடிக்கும். உயிரே போகலாம். தெருமுனை மேடையோ ஜெனரேட்டரோ, இரண்டையும் எர்த் உள்ள ஒரே போர்டிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள்.

2. கெயினைப் பாதியில் நிறுத்துங்கள்.
கெயின் கூடக் கூட ஒலி அலையின் உச்சி வெட்டுப்பட்டுத் தட்டையாகிறது. அதுதான் டிஸ்டார்ஷன். அளவோடு இருந்தால் காரம் வரும். மிஞ்சினால் மெதுவாக அடித்ததும் ஓங்கி அடித்ததும் ஒரே மாதிரி கேட்கும், அடியின் முனை மழுங்கிவிடும். செக்ஸ் பிஸ்டல்ஸின் 1977 ஆல்பத்தில் ஸ்டீவ் ஜோன்ஸ் வாசித்தது ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் ஆம்பில். தெளிவான ஒலிக்குப் பேர்போன ஆம்ப் அது. ஒரே பகுதியைப் பல முறை வாசித்து, ஒன்றின் மேல் ஒன்றாகப் பதிவு செய்ததால் வந்த கனம் அந்த ஆல்பத்தில் இருக்கிறது. அதைக் கெயினால் பிடிக்கப் பார்த்தால் சேறுதான் மிஞ்சும். 10 வரை எண் இருக்கும் குமிழில் 5-ல் தொடங்குங்கள். ஒரு கார்டை அடித்துக் கையை வைத்து நிறுத்துங்கள். சத்தம் சட்டென்று நிற்க வேண்டும். சீறிக்கொண்டே இருந்தால் கெயின் அதிகம்.

3. மிடிலைக் குறைக்காதீர்கள்.
தனியாக வாசிக்கும்போது பாஸையும் ட்ரெபிளையும் ஏற்றி மிடிலை இறக்கினால் காதுக்குப் பிரமாதமாக இருக்கும். டிரம்ஸ் சேர்ந்ததும் உங்கள் கிட்டார் காணாமல் போகும். கிட்டாரின் தடித்த கம்பி சுமார் 82 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது, பாஸ் கிட்டாரின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸில். அடித்தளம் பாஸுக்கும் கிக் டிரம்முக்கும் உரியது, அதை அவர்களுக்கே விட்டுவிடுங்கள். பாஸ் 4, மிடில் 7, ட்ரெபிள் 6, பிரசென்ஸ் இருந்தால் 5. இதுதான் என் தொடக்க எண். பறையோ நம் பக்கத்துப் பெரிய மேளமோ சேர்ந்தால், பறையின் குச்சி அடி மேல் ஸ்தாயியில் வெடிக்கும். அப்போது ட்ரெபிளை 5-க்கு இறக்குங்கள், மிடிலை அப்படியே வைத்திருங்கள்.

4. வீட்டில் வைத்த எண் மேடைக்கு ஆகாது.
சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காது அடி ஒலிகளைச் சரியாகப் பிடிப்பதில்லை. பிளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1933-லேயே இதை அளந்து காட்டினார்கள். அறையில் மெல்ல வாசித்தபடி பாஸை ஏற்றி வைத்தால் மேடையில் அது குமுறும். எந்தச் சத்தத்தில் வாசிக்கப் போகிறீர்களோ, அந்தச் சத்தத்தில் வைத்துத்தான் குமிழ்களை முடிவு செய்ய வேண்டும். ஆம்பைச் சுவர் மூலையில் வைத்தால் பாஸ் தானாகவே பெருகும், ஓரடியாவது தள்ளி வையுங்கள். தரையிலும் வைக்காதீர்கள். ட்ரெபிள் ஸ்பீக்கரின் நேர் எதிரே பாயும். ஆம்ப் காலடியில் இருந்தால் உங்களுக்கு மந்தமாகக் கேட்கும், நீங்கள் ட்ரெபிளை ஏற்றுவீர்கள், முன்வரிசையில் உட்கார்ந்தவர் காதைப் பொத்திக்கொள்வார். நாற்காலி மேல் ஏற்றி, உங்கள் காதைப் பார்க்கும்படி சாய்த்து வைத்துக் கேளுங்கள்.

5. ரிவெர்ப், டிலே, கோரஸ் மூன்றையும் அணையுங்கள்.
டைல்ஸ் தரையும் காங்கிரீட் கூரையும் கொண்ட நம் வீடுகளே போதுமான எதிரொலி தருகின்றன. வேகமான பாட்டில் ஒவ்வொரு அடியும் தனியாக நிற்க வேண்டும்.

6. கிட்டாரில் இருக்கும் குமிழையும் பயன்படுத்துங்கள்.
பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப்பைத் தேர்ந்தெடுங்கள், டோனை முழுதாகத் திறங்கள். பாடகர் பாடும் இடத்தில் வால்யூம் 7, எல்லோரும் சேர்ந்து கத்தும் இடத்தில் 10. இரண்டு ஒலிக்கு இரண்டு பெடல் தேவையில்லை. சிங்கிள் காயில் பிக்கப் 50 ஹெர்ட்ஸ் மின் இரைச்சலைப் பிடிக்கும். கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் 1955-ல் உருவாக்கிய ஹம்பக்கர் அதை அடக்குகிறது. சிங்கிள் காயில் என்றால் கெயின் 6, ட்ரெபிள் 5 என்று மாற்றுங்கள், டியூப் லைட்டிலிருந்து விலகி நில்லுங்கள். ஹம்பக்கர் என்றால் கெயின் 5, பாஸ் 3 போதும்.

7. வலது கையைப் பழக்குங்கள்.
ரமோன்ஸ் குழுவின் 1976 முதல் ஆல்பத்தில் 14 பாட்டுகள், மொத்தம் சுமார் 29 நிமிடம். ஜானி ரமோன் ஏறக்குறைய எல்லாவற்றையும் டவுன்ஸ்ட்ரோக்கிலேயே வாசித்தார். கை மேலிருந்து கீழே மட்டும் வரும்போது ஒவ்வொரு முறையும் தடித்த கம்பிதான் முதலில் அடிபடும், எல்லா அடியும் ஒரே கனத்தில் விழும். மெட்ரோனோமை 120-ல் வைத்து, ஒரு தட்டுக்கு இரண்டு அடி என்று தொடங்குங்கள். சுத்தமாக வந்த பிறகே 5 ஏற்றுங்கள். மணிக்கட்டைத் தளர்த்தி வையுங்கள், வலித்தால் நிறுத்திவிடுங்கள். இடது கையில் பவர் கார்டு: மூல ஸ்வரமும் பஞ்சமமும் போதும். டிஸ்டார்ஷனில் காந்தாரம் சேர்ந்தால் மற்ற ஸ்வரங்களோடு மோதிக் கலங்கும். அடிக்காத கம்பிகளை ஆள்காட்டி விரலால் தொட்டு அமர்த்துங்கள். குமிழால் திருத்த முடியாத பாதிக் குறைகள் இங்கே திருந்தும்.

8. கடன் வாங்கி ஆம்ப் வாங்காதீர்கள்.
100 வாட் ஆம்ப் 10 வாட் ஆம்பைவிடப் பத்து மடங்கு சத்தம் போடும் என்று நினைக்க வேண்டாம். வித்தியாசம் 10 டெசிபல், காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்குதான். 1964-ல் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் ஒரு சின்ன ஆம்பின் ஸ்பீக்கர் காகிதத்தை பிளேடால் கீறி எடுத்த ஒலிதான் பின்னால் வந்த எத்தனையோ பேருக்கு வழி காட்டியது. நீங்கள் கீற வேண்டாம். தெளிவான சின்ன ஆம்பும் ஒரு டிஸ்டார்ஷன் பெடலும் போதும். 1978-ல் வந்த பாஸ் (Boss) டிஎஸ்-1 பெடல் இன்றும் கடைகளில் கிடைக்கிறது. அதில் டிஸ்டார்ஷனைப் பாதிக்குக் கீழே வைத்து, டோன் குமிழைக் கடிகார முள்ளின் 10 மணி நிலையில் நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் மிடில் வற்றிக் கீச்சிடும். சென்னை அண்ணா சாலையில் 1842 முதல் இயங்கும் மியூசி மியூசிக்கல் போன்ற கடைக்குப் போனால், உங்கள் கிட்டாரையே எடுத்துப் போய் வாசித்துப் பார்த்து வாங்குங்கள்.

9. மைக் செட்காரரை மதியுங்கள்.
கிட்டாரை நேரே அவர் மிக்சரில் செருகினால் ஒலி தகரமாக வரும். ஆம்ப் ஸ்பீக்கரின் முன் ஒரு சாதாரண டைனமிக் மைக்கை வைக்கச் சொல்லுங்கள். ஸ்பீக்கரின் நடு மையத்துக்கு நேரே வைத்தால் கூர்மை, ஓரத்துக்கு நகர்த்தினால் மென்மை. இரண்டுக்கும் நடுவில் தொடங்குங்கள். முன்னதாகவே போய் வணக்கம் சொல்லி, என்ன வேண்டும் என்று பொறுமையாகப் பேசுங்கள். அந்த மேடை யாருடைய பாட்டுக்கு எப்படி ஒலிக்கும் என்பது உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். அக்கம்பக்கத்தாரையும் அப்படியே மதியுங்கள். ஒலி மாசு விதிகள் (2000) குடியிருப்புப் பகுதியில் பகலுக்கு 55 டெசிபல், இரவுக்கு 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. 14 கிலோமீட்டர் கிரிவலம் முடித்து மக்கள் களைத்து வரும் பௌர்ணமி இரவில் ஹெட்போனில் பழகுங்கள். அதிகாரத்தை எதிர்த்துக் கேட்பதற்குப் பிறந்த இசை, பக்கத்து வீட்டுப் பாட்டியின் தூக்கத்தைக் கெடுக்க வேண்டியதில்லை.

10. உங்கள் தமிழில் பாடுங்கள்.
லண்டன் பையன்களின் கோபத்தைக் கடன் வாங்க வேண்டாம். பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் மேடையேறியது. கானா, ராப், ராக் எல்லாம் கலந்த அந்த இசைக்குப் பங்க் என்று பெயரில்லை. ஆனாலும் பாட்டு யாருக்காக, மேடை யாருடையது என்ற கேள்வி இரண்டுக்கும் பொது. நம் திருவண்ணாமலையின் கலை இலக்கிய இரவுகளிலும் சாதாரண மக்களின் பாடு விடிய விடியப் பாட்டானது. உங்களுக்கும் தண்ணீரைப் பற்றி, வேலையைப் பற்றி, சாதியைப் பற்றிச் சொல்ல இருக்கும். அதைச் சொல்லுங்கள்.

குமிழ்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க ஒரு சோதனை. உங்கள் பாட்டை முன்பு கேட்டிராத ஒரு நண்பரைக் கூடத்தின் கடைசியில் நிறுத்தி, காகிதமும் பேனாவும் கொடுங்கள். முழுக் குழுவோடு ஒரு சரணம் வாசியுங்கள். அவரால் வரிகளை எழுத முடியவில்லை என்றால் முதலில் கெயினைக் குறையுங்கள், அடுத்து பாஸை, கடைசியாக வால்யூமை. நீங்கள் எழுதிய வரியை அவர் அப்படியே எழுதித் தந்தால், ஒவ்வொரு குமிழின் பக்கத்திலும் டேப் ஒட்டி அந்த எண்ணைக் குறித்துவிடுங்கள். அதுதான் உங்கள் குழுவின் பங்க் சவுண்டு.