பூட்டிய ஹார்ட் டிஸ்க்கில் பேக்கப்: புதியவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன், வருமான வரிக் கணக்கு, பிள்ளைகளின் படங்கள் எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் பேக்கப் எடுத்து வைத்திருப்பீர்கள். அது பேருந்தில் தவறிப்போனால், எடுத்தவர் எந்தக் கணினியில் செருகினாலும் அத்தனையும் திறந்துகொள்ளும். உங்கள் லேப்டாப்பின் பாஸ்வேர்டு அதைக் காக்காது. டிஸ்க்கையே என்கிரிப்ட் செய்ய வேண்டும், அதாவது பாஸ்வேர்டு இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்ட வேண்டும்.

எதை வாங்குவது?

சாதாரண டிஸ்க்கே போதும். ‘ஹார்டுவேர் என்கிரிப்ஷன்’ என்ற முத்திரைக்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். சில எஸ்எஸ்டிகளின் உள்பூட்டைப் பாஸ்வேர்டு இல்லாமலே திறக்க முடியும் என்று நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் காட்டினார்கள். அடுத்த ஆண்டே மைக்ரோசாஃப்ட், அத்தகைய டிஸ்க்குகளின் உள்பூட்டை நம்பாமல், விண்டோஸின் பூட்டு மென்பொருளான பிட்லாக்கரே என்கிரிப்ட் செய்யும்படி மாற்றியது.

எந்த மென்பொருள்?

விண்டோஸ் ப்ரோவில் பிட்லாக்கர் கூடவே வருகிறது. ஹோம் பதிப்பில், பூட்டிய டிஸ்க்கைத் திறக்கலாம். புதிதாகப் பூட்ட முடியாது. ஹோம் வைத்திருப்பவர்களுக்கு இலவசமான வெராகிரிப்ட் இருக்கிறது. அதில் முழு டிஸ்க்கையும் பூட்டினால், செருகும்போது ‘ஃபார்மட் செய்யவா?’ என்று விண்டோஸ் கேட்கும். கேன்சல்தான் கொடுக்க வேண்டும். மேக்கில், டைம் மெஷினில் டிஸ்க்கைச் சேர்க்கும்போதே ‘என்கிரிப்ட் பேக்கப்’ கொடுத்துவிடலாம்.

பிட்லாக்கரில் பூட்டுவது

1. டிஸ்க்கின் மேல் ரைட் கிளிக் செய்து ‘டர்ன் ஆன் பிட்லாக்கர்’ கொடுங்கள்.
2. நீளமான பாஸ்வேர்டு வையுங்கள். தொடர்பில்லாத நாலைந்து சொற்களைக் கோத்தால் நினைவிலும் நிற்கும்.
3. மீட்புச் சாவியைச் சேமியுங்கள்.
4. புது டிஸ்க் என்றால் ‘யூஸ்டு ஸ்பேஸ்’ போதும். பழையது என்றால் முழு டிஸ்க்கையும் தேர்ந்தெடுங்கள். அழித்த கோப்புகளின் மிச்சம் அதில் இருக்கும்.
5. ‘கம்பாட்டிபிள் மோடு’ தேர்ந்தெடுத்துத் தொடங்குங்கள். முடியும்வரை கேபிளைப் பிடுங்காதீர்கள்.

மீட்புச் சாவி

மூன்றாவது படியை யாரும் அவசரத்தில் தாண்டிவிடக் கூடாது. மீட்புச் சாவி என்பது 48 இலக்க எண். பாஸ்வேர்டு மறந்து இதுவும் தொலைந்தால், மைக்ரோசாஃப்ட்டாலும் கடைக்காரராலும் ஒன்றும் செய்ய முடியாது. படங்கள் போனது போனதுதான். அந்த எண்ணை அச்சிட்டு, பத்திரங்கள் இருக்கும் பீரோவில் வையுங்கள். டிஸ்க்கின் உறைக்குள் வேண்டாம். வீட்டில் இன்னொருவருக்கும் இடம் தெரிந்திருக்கட்டும்.

பேக்கப்பும் சோதனையும்

கோப்புகளை நகலெடுத்த பிறகு, வேறொரு கணினியில் செருகிப் பாஸ்வேர்டு கொடுத்து நாலைந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள். அதன் பிறகே மூலத்தை அழிப்பதைப் பற்றி யோசிக்கலாம். அப்போதும் டிஸ்க் பழுதாகக்கூடும் என்பதால் இன்னொரு பிரதி வேறு இடத்தில் வேண்டும்.

வேலை முடிந்ததும் ‘இஜெக்ட்’ கொடுத்துக் கழற்றிவிடுங்கள். திறந்த நிலையில் செருகியே இருந்தால், கணினிக்குள் நுழைந்து கோப்புகளை முடக்கிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் பேக்கப்பையும் சேர்த்தே முடக்கிவிடும்.