குளிர் மலையின் செலவுக் கணக்கு

கோடை சீசனில் கொடைக்கானலிலிருந்து இறங்கும் வண்டிகளில் பெரும்பாலும் ஒரே பேச்சுதான். ஏரிக்கரையில் கிடந்த பாட்டில்கள், மலைச்சாலையில் மணிக்கணக்காக நின்ற வண்டிகள், அத்தனை வாடகை வாங்கிக்கொண்டும் குழாயில் தண்ணீர் வராத அறை. வத்தலக்குண்டு வருவதற்குள் பேச்சு நாட்டுக்குத் தாவிவிடும். "நம்ம ஜனங்களுக்குப் பொறுப்பே கிடையாது. காசு இருந்தா வெளிநாடு போயிடணும்." ஊரை நேசிக்கிறவர்களுக்குத்தான் இந்தக் கோபம் வரும், அதை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தக் கோபத்தோடு சில தவறான நம்பிக்கைகளும் சேர்ந்துகொள்கின்றன. அவற்றை மறுக்கப் புள்ளிவிவரப் புத்தகங்களைத் தேட வேண்டியதில்லை. கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடரின் நாற்பது ஆண்டு அனுபவமே போதும்.

நம்பிக்கை: பொறுப்பு என்பது ரத்தத்தில் இருக்க வேண்டும், நம் மக்களிடம் அது இல்லை

இதைச் சொல்பவர்கள் சிங்கப்பூரையோ ஜெர்மனியையோ காட்டுவார்கள். சிங்கப்பூரில் நம் தமிழர்கள் பல தலைமுறைகளாக வாழ்கிறார்கள். இங்கே கையில் இருப்பதைச் சாலையில் போடுகிறவர் அங்கே இறங்கியதும் குப்பைத்தொட்டியைத் தேடுகிறார். விமானத்தில் போன நாலு மணி நேரத்தில் ஒருவருடைய ரத்தம் மாறிவிடாது. 1968இல் அந்த நாடு தொடங்கிய தூய்மை இயக்கமும், அபராதமும், தினமும் பெருக்கும் தொழிலாளர் படையும் சேர்ந்து உண்டாக்கிய பழக்கம் அது. ஜெர்மனியில் 2003 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பானப் பாட்டில்களுக்கு 25 சென்ட் முன்பணம் வாங்குகிறார்கள், காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பணம் கைக்கு வருகிறது. அங்கே தெருவில் பாட்டில் கிடந்தாலும் யாராவது பொறுக்கிக்கொள்வார்கள், அது காசு.

இதற்கு அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். உடைந்த மதுப் பாட்டில்கள் யானைகளின் காலைக் கிழிப்பதைப் பார்த்த சென்னை உயர் நீதிமன்றம் டாஸ்மாக் நிறுவனத்திடம் வழி கேட்டது. 2022 மே மாதம் நீலகிரியில் ஒரு திட்டம் வந்தது. பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்குவார்கள், காலி பாட்டிலைக் கொடுத்தால் பத்து ரூபாய் திரும்பக் கிடைக்கும். பிறகு கொடைக்கானல் போன்ற மற்ற மலைகளுக்கும் அது வந்தது. விற்ற பாட்டில்களில் பெரும்பகுதி கடைக்கே திரும்பியது. குடிகாரர்கள் என்று நாம் எளிதில் ஒதுக்குகிறவர்கள் செய்த காரியம் இது. அவர்களுக்கு யாரும் ஒழுக்கப் பாடம் எடுக்கவில்லை.

தண்ணீர்ப் பாட்டிலுக்கு வேறு முறை வந்தது. கொடைக்கானலில் ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டில் ஒவ்வொன்றுக்கும் 20 ரூபாய் பசுமை வரி என்று 2024இல் அறிவித்தார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் திரும்பி வராத 20 ரூபாயைவிடத் திரும்பி வரும் பத்து ரூபாய்க்கு வலிமை அதிகம் என்பது என் கருத்து. வரி கட்டியவர் எறிவதற்கு அனுமதி வாங்கிவிட்டதாக நினைத்துக்கொள்ளக்கூடும். முன்பணம் கட்டியவருக்கு அந்தப் பாட்டில் கடைசிவரை அவருடைய பொருள்.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பால் கவருக்குக் காயலாங்கடையில் விலை உண்டு. சிப்ஸ், பிஸ்கட் வரும் பளபளப்பான பல அடுக்கு உறைக்கு விலை கிடையாது, அதனால் அதை எவரும் பொறுக்குவதில்லை. 2016ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள், இத்தகைய உறைகளைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பை உற்பத்தி நிறுவனங்களின் மேல் வைத்தன. மலைச்சரிவில் கிடக்கும் உறையைப் பார்த்து எறிந்தவரைத் திட்டுகிறோம். உறையில் பெரிதாக அச்சடித்திருக்கும் பெயரை நாம் கேள்வி கேட்பதில்லை.

நம்பிக்கை: வரி கட்டுவது நாங்கள், அனுபவிப்பது மற்றவர்கள்

வருமான வரி கட்டுகிறவர்கள் நாட்டில் சிறுபான்மை என்பது உண்மை. ஆனால் வரி என்பது வருமான வரி மட்டும்தானா? பூம்பாறையில் பூண்டு உரிக்கும் அம்மா செல்போனுக்கு ரீசார்ஜ் செய்யும்போது 18 சதவீதம் ஜி.எஸ்.டி. கட்டுகிறார். சோப்பிலும் பிஸ்கட்டிலும் கட்டுகிறார். அவர் ஏறும் ஜீப் குடிக்கும் டீசலில் மத்திய அரசின் வரியும் இருக்கிறது, மாநில அரசின் வரியும் இருக்கிறது. அவருடைய கூலியில் இந்த வரிகள் எடுத்துக்கொள்ளும் பங்கு, வசதியானவரின் சம்பளத்தில் எடுக்கும் பங்கைவிட அதிகம், ஏனென்றால் கூலி முழுவதும் செலவாகிவிடுகிறது. பூண்டு உரிக்கும் கைக்கும் வரி செலுத்துவோர் என்ற பெயருக்கு முழு உரிமை உண்டு.

நம்பிக்கை: வேலை கொடுத்தவர்களைக் குறை சொன்னால் ஊர் முன்னேறாது

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும், ஏனென்றால் கொடைக்கானல் இதற்குக் கொடுத்த விலை பெரியது.

1980களில், அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் வாட்டர்டவுன் என்ற ஊரில் இருந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலை கொடைக்கானலின் புனித மேரி சாலைக்கு இடம்பெயர்ந்தது. பாண்ட்ஸ் நிறுவனத்தினுடையது அது. யூனிலீவர் பாண்ட்ஸை வாங்கிய பிறகு ஆலை இந்துஸ்தான் லீவரின் கைக்குப் போனது. பாதரசம் இறக்குமதியானது, செய்த தெர்மாமீட்டர்கள் பெரும்பாலும் வெளிநாட்டுக்கே திரும்பிப் போயின. மலையில் நிலையான மாதச் சம்பளம் என்பது அரிது. ஆலை வேலை கிடைத்த வீட்டை ஊர் மரியாதையோடு பார்த்தது.

பாதரசம் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும். அந்த ஆவிக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூச்சில் போனால் நரம்பையும் சிறுநீரகத்தையும் தாக்கக்கூடியது. போதிய பாதுகாப்பு இல்லாமல் வேலை செய்ததாகவும், அதனால் நோய்ப்பட்டதாகவும் முன்னாள் தொழிலாளர்கள் தொடர்ந்து சொன்னார்கள். தொழிலாளர்களின் உடல்நலத்துக்குத் தீங்கு நேரவில்லை என்றே நிறுவனம் தொடர்ந்து சொல்லிவந்தது.

2001 மார்ச்சில் மூஞ்சிக்கல்லில் ஒரு காயலாங்கடையில், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி டன் கணக்கில் கிடந்ததை ஊர்க்காரர்களும் முன்னாள் தொழிலாளர்களும் சுற்றுச்சூழல் அமைப்பினரும் வெளியே கொண்டுவந்தார்கள். ஆலை மூடப்பட்டது. 2003இல் பாதரசம் கலந்த 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்குத் திரும்பியது. பணக்கார நாட்டின் கழிவு ஏழை நாட்டுக்கு வரும் பாதையில், ஒருமுறையாவது எதிர்த்திசையில் கப்பல் போனது. அதைச் செய்யவைத்தது இந்தச் சிறிய மலையூர்.

தொழிலாளர்களின் வழக்கு அதற்குப் பிறகும் நீண்டது. 2015இல் இதைப் பற்றிச் சோபியா அஷ்ரஃப் பாடிய ராப் பாடல் உலகம் முழுதும் பரவியது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடனும் அவர்கள் குடும்பங்களுடனும் நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது, ஆலை மூடிச் சரியாகப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு. மண்ணைச் சுத்தம் செய்யும் வேலை அதன் பிறகும் மிஞ்சியிருந்தது. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை விட்டுவைக்கலாம் என்று அளவு நிர்ணயித்தார்கள். ஐரோப்பாவாக இருந்தால் இதைவிடக் கடுமையான அளவைக் கேட்டிருப்பார்கள் என்பது செயற்பாட்டாளர்களின் வாதம். ஆலையின் மதிலுக்குக் கீழே பாம்பார் சோலை. அதன் நீர் கும்பக்கரை அருவி வழியாகச் சமவெளிக்குப் போகிறது, அங்கேயும் ஆட்கள் குடியிருக்கிறார்கள்.

ஆலை கொடுத்த சம்பளத்தில் பிள்ளைகள் படித்தார்கள், அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் சம்பளப் பட்டியலில் வராத செலவு ஒன்று இருந்தது. அதைத் தொழிலாளியின் உடலும் சோலையின் மண்ணும் சுமந்தன. வாழ்க்கைத்தரத்தை வருமானத்தை வைத்து மட்டும் அளந்தால் இந்தச் செலவு கண்ணுக்கே படாது. நிறுவனத்தைக் கேள்வி கேட்டவர்கள் வேலைக்கு எதிரிகள் இல்லை, கணக்கை முழுதாக எழுதச் சொன்னவர்கள்.

நம்பிக்கை: காடு குறைந்ததும் தண்ணீர் குறைந்ததும் உள்ளூர்க்காரர்கள் விறகு வெட்டியதால்

பழனி மலையின் மேல்பகுதி இயல்பில் புல்வெளியும் சோலையும் மாறிமாறி அமைந்தது. மழையைப் பஞ்சு மாதிரி வாங்கி வைத்துக்கொண்டு கோடையில் மெல்லக் கசியவிடுவது அந்த அமைப்புதான். புல்வெளியைத் தரிசு என்று எண்ணிய அதிகாரிகள், முதலில் வெள்ளையர் ஆட்சியிலும் பிறகு நம் ஆட்சியிலும், அதில் சீகை, யூகலிப்டஸ், பைன் மரங்களை நட்டார்கள். சீகைப் பட்டை தோல் பதனிட, யூகலிப்டஸ் கூழாக்க. செயற்கைக்கோள் படங்களை வைத்து 2018இல் வெளியான ஓர் ஆய்வு, நாற்பது ஆண்டுகளில் பழனி மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று காட்டியது. காரணங்களில் முதலிடம் மரத்தோட்டங்களுக்கு, அடுத்தது விவசாயத்துக்கு. பளியர் பழங்குடியினர் சுமந்த விறகுக்கட்டால் ஆன அழிவு இல்லை இது. அரசின் திட்டம் செய்தது. சுற்றுலாப் பயணிகள் பைன் காட்டில் நின்று படமெடுத்து, இயற்கை எவ்வளவு அழகு என்று எழுதுகிறார்கள். அவர்கள் நிற்பது ஒரு புல்வெளி இருந்த இடம்.

நம்பிக்கை: கூட்டம் கூடினால் ஊர் செழிக்கும், இ-பாஸ் பிழைப்பைக் கெடுக்கும்

2024 மே 7 முதல் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று வரம்பும் வந்தது. வியாபாரிகளின் பயம் எனக்குப் புரிகிறது. இரண்டு மாத வருமானத்தில் பத்து மாதம் வாழ்கிற குடும்பங்கள் அவை.

ஆனாலும் 2011 கணக்கெடுப்பில் கொடைக்கானல் நகராட்சியின் மக்கள்தொகை 36,501. சாக்கடை, குடிநீர்த் தொட்டி, குப்பை வண்டி எல்லாம் அந்த எண்ணிக்கையை ஒட்டி வளர்ந்தவை. அரசு நிதியைப் பகிரும்போதும் மக்கள்தொகை ஒரு முக்கிய அளவுகோல், வந்துபோகிறவர்கள் அந்தக் கணக்கில் ஏறுவதில்லை. காலையில் வந்து கட்டுச்சோற்றைத் தின்றுவிட்டு மாலையில் இறங்குகிற வண்டி ஊருக்கு விட்டுச் செல்வது நெரிசலும் புகையும் குப்பையும்தான். இரண்டு நாள் தங்கி, மலைப்பூண்டும் பேரிக்காயும் வாங்கிப் போகிறவரால் ஊருக்குப் பணம் வருகிறது. வண்டிகளின் எண்ணிக்கையை வருமானம் என்று எண்ணிக்கொள்வது பிழை.

வந்த பணமாவது பரவியதா? வட்டக்கானலில் வெளியூர்ப் பயணிகளுக்கு உணவகங்கள் வரிசையாக நிற்கின்றன. அதற்குக் கீழே சரிவில் இருக்கும் வெள்ளகவி, கொடைக்கானல் நகரம் பிறப்பதற்கு முன்பே இருந்த ஊர். வெள்ளையர் மலையேறிய ஒரு பழைய பாதை அந்த ஊர் வழியாகப் போனது. தலைமுறைகள் கடந்தும் அங்கே மோட்டார் சாலை இல்லாமல், பிரசவத்துக்கும் பாம்புக்கடிக்கும் ஆட்களை டோலி கட்டித் தூக்கிவந்தார்கள். சுற்றுலா வளர்ச்சி என்று பேசுகிறவர்கள் ஒருமுறை அந்தப் பாதையில் இறங்கிப் பார்க்க வேண்டும்.

நம்பிக்கை: தனி ஆள் என்ன செய்துவிட முடியும்?

தன் வீட்டு வாசலைச் சுத்தமாக வைத்துக்கொள்வதோடு தனிமனிதப் பொறுப்பு முடிகிறது என்று நினைப்பவர்களுக்கு மட்டுமே இந்தக் கேள்வி கடினமானது. 1985இல் கொடைக்கானலில் சிலர் சேர்ந்து பழனி மலைப் பாதுகாப்புக் குழுவைத் தொடங்கினார்கள். நாற்றங்கால் வைத்தார்கள், சோலை மரக் கன்றுகள் வளர்த்தார்கள். பிளெசன்ட் ஸ்டே விடுதி அனுமதியை மீறி மாடிகளை எழுப்பியபோது நீதிமன்றத்துக்கும் போனார்கள். விதிவிலக்குக் கொடுத்துவிட்டது மாநில அரசு. அந்த அரசாணையை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, 1995இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அரசும் முதலாளியும் ஒரு பக்கம் நின்ற வழக்கில் கன்று நட்டவர்கள் வென்றார்கள்.

அதோடு ஊர் திருந்திவிடவில்லை. 2019இல் விதி மீறிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்களுக்குச் சீல் வைக்க வேண்டிய நிலை மறுபடி வந்தது. அவற்றில் பல, தங்கும் விடுதிகள். அவற்றில் அறை எடுத்துத் தங்கியது நாம்தான், வாடகையையும் பார்வையையும் தவிர வேறெதையும் விசாரிக்காமல். அடுத்த முறை அறை பதிவு செய்வதற்கு முன், கட்டடத்துக்கு அனுமதி இருக்கிறதா, கழிவுநீர் எங்கே போகிறது, குடிக்கும் தண்ணீர் எந்த ஓடையிலிருந்து லாரியில் வருகிறது என்று தொலைபேசியிலேயே கேட்டுவிடலாம். பதில் சொல்லத் தயங்கும் விடுதிக்குப் பணம் அனுப்ப வேண்டாம்.