பாடம் 5: புறப்படும் முன் உங்கள் கைத்தொலைபேசியை ஆயத்தப்படுத்துதல்

நோக்கம்: வெளிநாட்டில் மீள்குடியேறவோ அங்குள்ள குடும்பத்துடன் இணையவோ செல்லும் ஒருவர், இணையம் இல்லாத வேளையிலும் வழி தெரிந்துகொள்ளவும், மொழி தெரியாத இடத்தில் தன் தேவையைச் சொல்லவும் பழகுதல்.

உடுப்பிட்டியிலிருந்து ரொறொன்ரோவிலுள்ள மகனிடம் தனியே செல்லும் ஒரு தாயை எடுத்துக்கொள்வோம். கட்டுநாயக்க விமான நிலையம் வரை உறவினர் கூட வருவார்கள். அதன் பிறகு, விமானம் மாறும் இடத்திலும் பியர்சன் விமான நிலையத்தில் இறங்கும்போதும் அவர் தனி. இலங்கை சிம்மில் ரோமிங் வசதி இல்லையென்றால் அங்கே இணையம் வராது. மகனின் இலக்கமோ கைத்தொலைபேசிக்குள் மட்டும் இருக்கிறது, மின்னேற்றமும் முடியப்போகிறது. இந்த நிலை வராமல் தடுக்கும் வேலைகள் எல்லாவற்றையும் புறப்படுவதற்கு ஒரு கிழமைக்கு முன் வீட்டிலிருந்தே செய்துவிடலாம்.

1. வரைபடம்

கூகிள் மப்ஸ் செயலியில் செல்லவிருக்கும் நகரத்தின் வரைபடத்தை முன்கூட்டியே தரவிறக்கி வைக்கலாம். இணையம் இல்லாதபோதும் நீங்கள் நிற்கும் இடத்தை நீலப் புள்ளி காட்டும். அதற்கு சிம் அட்டை தேவையில்லை. ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள்: தரவிறக்கிய வரைபடம் வாகனத்தில் செல்லும் வழியைத்தான் சொல்லும். நடைவழியையும் பஸ், புகையிரத விவரங்களையும் பார்க்க இணையம் வேண்டும். இணையம் இல்லாமல் நடைவழி தேவைப்படுவோர் ஓர்கானிக் மப்ஸ் என்ற இலவசச் செயலியையும் வைத்திருக்கலாம்.

எங்கள் ஊரில் "கோயிலடிச் சந்தியில் இறங்கி, கிணற்றடி தாண்டி மூன்றாவது வீடு" என்றால் ஆள் வந்து சேர்ந்துவிடுவார். அங்கே வீட்டு இலக்கம், வீதியின் பெயர், அஞ்சற் குறியீடு மூன்றும் வேண்டும். கனடாவின் அஞ்சற் குறியீட்டில் எழுத்தும் இலக்கமும் மாறி மாறி ஆறு குறிகள் வரும். முகவரியை மகன் அனுப்பும்போது அதை அப்படியே வரைபடத்தில் சேமியுங்கள்; ஒரு தாளிலும் எழுதி வையுங்கள்.

2. பஸ்ஸும் புகையிரதமும்

இங்கே பஸ்ஸில் ஏறிய பின் நடத்துநர் வந்து காசு வாங்குவார். பல நாடுகளில் அப்படியில்லை. இலண்டன் பஸ்களில் 2014 முதல் காசு வாங்குவதில்லை. அட்டையைத் தொட்டுத்தான் ஏற வேண்டும். சுவிற்சர்லாந்தில் பயணச்சீட்டை ஏறுவதற்கு முன்பே வாங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் தண்டப்பணம் கட்ட நேரிடும். ரொறொன்ரோவில் பிரெஸ்ரோ அட்டையால் கட்டணம் செலுத்தினால், இரண்டு மணித்தியாலத்துக்குள் ஒரு பஸ்ஸிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது மீண்டும் செலுத்தத் தேவையில்லை.

நேரமும் வழியும் பார்க்க இலண்டனில் ரிஎஃப்எல் கோ, சுவிற்சர்லாந்தில் எஸ்பிபி மொபைல், ஜேர்மனியில் டிபி நவிகேற்றர் ஆகிய செயலிகள் உள்ளன. ஒரு நகரத்துக்கு ஒரு செயலி போதும். எதை வைத்திருப்பது என்பதை அங்குள்ள உறவினரிடம் கேட்டுத் தீர்மானியுங்கள்.

3. மொழிபெயர்ப்பு

கூகிள் மொழிபெயர்ப்புச் செயலியில் தமிழையும் செல்லும் நாட்டின் மொழியையும் தரவிறக்கி வைத்தால் இணையமின்றியும் எழுதிக் காட்டலாம். கமராவை அறிவிப்புப் பலகையின் பக்கம் திருப்பினால் அதன் பொருளைத் தமிழில் காட்டும்.

பேச்சு வழக்கை இச்செயலி பிழையாக விளங்கக்கூடும். "நெஞ்சுக்கை நோகுது" என்பதைவிட "எனக்கு நெஞ்சு வலிக்கிறது" என்று எழுதுவது நல்லது. ஒரு வசனத்தில் ஒரு செய்தியை மட்டும் சொல்லுங்கள்.

கடையிலும் பஸ் நிலையத்திலும் இச்செயலி உதவும். மருத்துவரிடமும், காவல்துறையிடமும், அகதிக் கோரிக்கை விசாரணையிலும் இதை நம்பிப் பேச வேண்டாம். ஒரு சொல் மாறினாலும் உங்கள் வாக்குமூலம் மாறிவிடும். அங்கே மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். கனடாவில் அகதிக் கோரிக்கை விசாரணைக்கு மொழிபெயர்ப்பாளரைக் கட்டணமின்றி ஒழுங்கு செய்வார்கள். அவுஸ்திரேலியாவில் 131 450 என்ற இலக்கத்துக்கு அழைத்து "தமிழ்" என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள்.

4. வட்ஸ்அப்

விமான நிலையத்தின் வைஃபையில் வட்ஸ்அப் அழைப்பு எடுக்கலாம். "நான் நிற்கும் இடம்" என்பதையும் அனுப்பலாம். பியர்சனில் 1, 3 என இரண்டு முனையங்கள் உள்ளன. எதில் இறங்குகிறீர்கள் என்பதை முன்பே மகனுக்குத் தெரிவித்தால் இருவரும் வேறு வேறு இடங்களில் காத்து நிற்க நேராது.

புதிய சிம் போட்டதும் இலங்கை சிம்மை எறிந்துவிட வேண்டாம். வங்கியும் வட்ஸ்அப்பும் அனுப்பும் உறுதிப்படுத்தல் குறியீடு அந்த இலக்கத்துக்குத்தான் வரும். அக்குறியீட்டை எவர் கேட்டாலும், அலுவலர் என்று சொல்லிக் கேட்டாலும், கொடுக்க வேண்டாம். ஐக்கிய நாடுகள் அகதிகள் முகவர் நிலையத்தின் சேவைகள் அனைத்தும் இலவசம். மீள்குடியேற்றத்துக்குப் பணம் கேட்பவர் ஏமாற்றுகிறார்.

5. அவசர இலக்கங்கள்

கனடா 911; பிரித்தானியா 999; ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் 112; அவுஸ்திரேலியா 000. இவற்றை வட்ஸ்அப்பில் அழைக்க முடியாது; சாதாரண அழைப்பாகவே எடுக்க வேண்டும்.

6. மின்னேற்றமும் ஆவணங்களும்

எங்கள் சதுர முனைச் செருகி இலண்டனில் பொருந்தும், ரொறொன்ரோவில் பொருந்தாது. அங்கே தட்டை முனை; மின்னழுத்தம் 120 வோல்ற். சார்ஜரில் 100–240 என்று எழுதியிருந்தால் ஒரு மாற்றுச் செருகி போதும். பவர் பாங்கைக் கைப்பையில் வையுங்கள். விமானத்தில் ஏற்றும் பெரிய பெட்டிக்குள் வைக்க அனுமதியில்லை.

கடவுச்சீட்டு, விசா, பிறப்புச் சான்றிதழ், மருந்துச் சீட்டு ஆகியவற்றைப் படமெடுத்து வையுங்கள். படம் மூலப்பிரதிக்கு ஈடாகாது. மூலப்பிரதிகள் எப்போதும் உங்கள் கைப்பையில் இருக்கட்டும்.

செய்து பாருங்கள்

அ) வடமராட்சியின் வரைபடத்தைத் தரவிறக்குங்கள். கைத்தொலைபேசியின் இணையத்தை நிறுத்திவிட்டு உடுப்பிட்டியிலிருந்து நெல்லியடி வரை சென்று, நீலப் புள்ளி உங்களுடன் நகர்கிறதா என்று பாருங்கள்.

ஆ) "எனக்கு ஆங்கிலம் தெரியாது. இந்த இலக்கத்துக்கு அழைக்க உதவுங்கள்" என்பதை மொழிபெயர்த்துச் சேமியுங்கள்.

இ) கைத்தொலைபேசியை வீட்டுக்காரர் ஒருவரிடம் கொடுத்துவிட்டு, மகனின் இலக்கத்தை மனப்பாடமாகச் சொல்லுங்கள். சொல்ல முடியவில்லையென்றால் இன்றே இரண்டு தாள்களில் எழுதி, ஒன்றைக் கடவுச்சீட்டுக்குள்ளும் மற்றதைச் சட்டைப்பையிலோ கைப்பையிலோ வையுங்கள்.

மூன்றாவது பயிற்சியைத் தவிர்க்க வேண்டாம். கைத்தொலைபேசி தொலைந்தாலும் அந்தத் தாள் உங்களை வீடு சேர்க்கும்.