உயர்த்திய லோடு வண்டியின் முன்பக்கச் சத்தம்: காரணம் கண்டுபிடிப்பது எப்படி?



கோவில்பட்டி வட்டாரத்தில் மொத்த வியாபாரம் செய்யும் நமக்கு லோடு வண்டியும் கடையின் ஒரு பகுதிதான். விளாத்திகுளம், புதூர், எட்டயபுரம், கயத்தாறு பக்கத்து ஊர்களிலிருந்து உளுந்து, பாசி, வத்தல், மக்காச்சோளம் ஏற்றி வருகிறோம். இங்கிருந்து மளிகையும் தீப்பெட்டியும் கடலைமிட்டாயும் அனுப்புகிறோம். ஐப்பசி, கார்த்திகையில் மழை இறங்கிவிட்டால் கரிசல் பாதை என்ன ஆகும் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. தடம் ஆழமாகி, நடுமேடு வண்டியின் அடிவயிற்றில் உரசும். அதனால்தான் நம்மில் சிலர் பிக்கப் வண்டியை ஒன்றிரண்டு அங்குலம் உயர்த்திக் கொள்கிறார்கள்.

உயர்த்திய சில நாட்களில் முன்பக்கம் 'டக், டக்' என்று சத்தம் வருகிறது. பட்டறையில் விட்டால் முதலில் ஷாக் அப்சார்பரை மாற்றுகிறார்கள். பல வேளைகளில் சத்தம் போவதில்லை, பணம்தான் போகிறது. அதைவிட முக்கியம், சில சத்தங்கள் முன்சக்கரம் சாய்ந்துவிடப் போவதற்கான எச்சரிக்கை. வண்டியில் இருப்பது சரக்கு மட்டுமல்ல, டிரைவரும் சுமைக்காரரும் இருக்கிறார்கள். ஆகவே முதலாளியும் இதை ஓரளவு அறிந்திருப்பது நல்லது.

உயர்த்தினால் ஏன் சத்தம் வருகிறது?

முன்பக்க அமைப்பு பொதுவாக இரண்டு வகை. ஒன்று, ஒரே நீள ஆக்ஸிலும் கமான் பட்டையும் உள்ளது. 2005இல் வந்த டாடா ஏஸ் இந்த வகை. மற்றது, இரு பக்கமும் தனித்தனி ஆர்ம் வைத்து, சுருள் ஸ்பிரிங் அல்லது முறுக்குக் கம்பி தாங்குவது.

ஆர்ம் வைத்த வண்டியை உயர்த்தினால் ஆர்ம் கீழ்நோக்கிச் சாய்ந்து நிற்கும். சக்கரம் கீழே இறங்குவதற்கு மிச்சமிருக்கும் இடம் குறைந்துவிடும். பள்ளத்தில் இறங்கும்போது ஷாக் அப்சார்பர் முழு நீளத்துக்கு இழுபட்டு அடிக்கும், அல்லது ஆர்ம் தடுப்பு ரப்பரில் மோதும். பால் ஜாயிண்ட், ஸ்டெபிலைசர் லிங்க் ஆகியவை கோணம் மாறி வேலை செய்யும். பழைய உயரத்தில் இறுக்கிய புஷ், எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து கிழியும்.

கமான் வண்டியில் பட்டை கூட்டினால் கட்டின் தடிப்பு கூடும். அதற்குப் பழைய யூ போல்ட்டின் நீளம் போதாமல் பிடி தளரும். ஷேக்கிளின் சாய்வும் மாறும்.

சத்தத்தைக் கேட்டு அறிவது

1. பள்ளத்தில் இறங்கும்போதோ வேகத்தடை தாண்டி இறங்கும்போதோ ஒரே ஒரு 'டொக்': ஷாக் அப்சார்பரின் நீளம் போதவில்லை, அல்லது ஆர்ம் தடுப்பில் மோதுகிறது.

2. மெதுவாகப் போகும்போது சிறு மேடு பள்ளத்தில் 'கட கட': ஸ்டெபிலைசர் லிங்க், அதன் புஷ், பால் ஜாயிண்ட்.

3. 'கீச், கீச்': முறுக்கிய புஷ் அல்லது பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவது.

4. பிரேக் போடும்போது ஒரு 'டக்': கீழ் ஆர்ம் புஷ், தளர்ந்த யூ போல்ட், சில சமயம் பிரேக் பேடு.

5. நான்கு சக்கர இழுவை வண்டியில், முழுதாகத் திருப்பும்போது 'டிக் டிக்': முன் டிரைவ் ஷாப்ட்டின் ஜாயிண்ட்.

வரிசையாகச் சோதிப்பது

முதல் வேலை வண்டியைக் கழுவுவது. கரிசல் சேறு காய்ந்தால் கல்போல் இறுகிவிடும். ரிம்மின் உள்பக்கம் ஒட்டிய சேறே ஸ்டீயரிங்கை ஆட வைக்கும். விரிசலையும் கிழிந்த ரப்பர் உறையையும் அது மறைத்துவிடும்.

அடுத்து, காலி வண்டியாக ஒரு நடை, சரக்கோடு ஒரு நடை ஓட்டிப் பார்க்க வேண்டும். காலியில் மட்டும் சத்தம் வந்து சரக்கு ஏறியதும் நின்றால், முதல் வகைக் காரணத்தைச் சந்தேகிக்கலாம்.

பிறகு பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து முன்பக்கத்தைத் தூக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது, ஸ்டாண்டு கட்டாயம். ஸ்பிரிங் கீழ் ஆர்மில் உட்கார்ந்திருந்தால் அந்த ஆர்முக்கு அடியிலேயே முட்டுக் கொடுக்க வேண்டும். சேஸிஸில் முட்டுக் கொடுத்தால் ஸ்பிரிங்கின் அழுத்தம் பால் ஜாயிண்ட்டின் ஆட்டத்தை மறைத்துவிடும்.

டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவர் பிரேக்கை மிதிக்கட்டும். ஆட்டம் நின்றால் சக்கர பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட். இடமும் வலமும் ஆட்டினால் ஆட்டம் தெரிகிறதென்றால் டை ராடு எண்டைப் பார்க்க வேண்டும். பால் ஜாயிண்ட்டில் ஆட்டம் கண்டால் அன்றைய நடையை நிறுத்திவிடுங்கள். ஒரு நடை வாடகை போனால் மறுநாள் சம்பாதிக்கலாம்.

மோதும் இடம் தெரியாவிட்டால், தடுப்பு ரப்பரிலும் ஆர்ம் நெருங்கும் இடங்களிலும் சாக்பீஸ் பூசி, சிறிது தூரம் ஓட்டிப் பாருங்கள். பூச்சு அழிந்த இடமே மோதும் இடம்.

எதையும் ஒவ்வொன்றாக மாற்றி, ஓட்டிப் பார்த்து, பிறகு அடுத்ததற்குப் போங்கள். ஒரே நாளில் நான்கு பாகம் மாற்றினால் எதனால் சத்தம் போனது என்று யாருக்கும் தெரியாது. மாற்றிய பழைய பாகங்களையும் பில்லையும் கேட்டு வாங்கி, வண்டி நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள்.

சரிசெய்யும்போது

புஷ் போல்ட்டுகளை, சக்கரம் தரையில் ஊன்றி வண்டியின் எடை இறங்கிய பிறகே இறுதியாக இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் புதிய புஷ்ஷும் சீக்கிரம் கிழியும். யூ போல்ட்டைச் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்க வேண்டும். உயரம் மாறினால் அலைன்மெண்ட்டும் மாறும். அதைப் பார்க்காவிட்டால் புது டயர் ஓரம் தேய்ந்து போகும்.

உயர்த்த நினைப்பவர்களுக்கு ஒரு சொல். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸிலும் கேள்வி எழலாம். பட்டை கூட்டியதால் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எடை அளவு கூடிவிடாது என்பதையும் மறக்க வேண்டாம். மழைக்காலச் சேற்றுக்குப் பல ஊர்களில், தார்ச்சாலை வரை டிராக்டரில் சரக்கைக் கொண்டுவந்து மாற்றி ஏற்றுவதே சிக்கனம். ஏற்கெனவே உயர்த்திய வண்டியில் சத்தம் தீராவிட்டால், பழைய உயரத்துக்கே இறக்கிவிடுவதுதான் நல்ல வைத்தியம்.

தராசில் சிறு வித்தியாசம் தெரிந்தாலும் நாம் உடனே கவனிக்கிறோம். வண்டியின் சத்தத்துக்கும் அதே கவனத்தைக் கொடுப்போம்.